ஓட்டல் சரக்கும் கூட்ட நேரமும்

மளிகைக் கடைக்கு ஓட்டல் வாடிக்கை ஒரு தூண் போன்றது. மாதம் முழுவதும் ஏறக்குறைய ஒரே அளவில் சரக்கு எடுப்பவர்கள் அவர்கள். அந்த வாடிக்கை கைவிட்டுப் போனால், வேறொருவர் விலையைக் குறைத்திருப்பார் என்று நினைத்துக் கொள்கிறோம். சரக்கு எந்த நேரத்தில் போய்ச் சேர்ந்தது என்பதைப் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை.

பகல் பன்னிரண்டரை மணி. இலை போட்டுச் சாப்பாடு ஓடுகிறது. நம் ஆள் ஐந்து எண்ணெய் டின்னும் நான்கு மூட்டை அரிசியும் இறக்குகிறார். முதலாளி கல்லாவில் இருக்கிறார். ஸ்டோரைப் பார்ப்பவரும் பரிமாறப் போய்விட்டார். "அப்படி ஓரமா வச்சிட்டுப் போப்பா" என்று உள்ளிருந்து ஒரு குரல் மட்டும் வருகிறது. எண்ணிப் பார்த்தவர் இல்லை, கையெழுத்தும் இல்லை. மாதக் கடைசியில் பில்லை நீட்டினால், "நாலு டின்தானே வந்தது?" என்கிறார்கள். இரு தரப்பிலும் நாணயம் உண்டு, சாட்சிதான் இல்லை. டின்னுக்காக வாதாடினால் வாடிக்கை போகும்; வாடிக்கைக்காக விட்டுக் கொடுத்தால் அந்த மாத லாபம் போகும்.

இதற்குச் சட்டமும் இருக்கிறது. 1930ஆம் ஆண்டு சரக்கு விற்பனைச் சட்டத்தின் 36ஆவது பிரிவு, நியாயமான நேரத்தில் செய்யப்படாத ஒப்படைப்பைச் செல்லாததாகக் கருதலாம் என்கிறது. எது நியாயமான நேரம் என்பதை அந்தந்த நிலைமையே முடிவு செய்யும். 41ஆவது பிரிவின்படி, முன்பு பார்த்திராத சரக்கைச் சோதித்துப் பார்க்க நியாயமான வாய்ப்பு கிடைக்கும் வரை, வாங்குபவர் அதை ஏற்றுக்கொண்டதாகக் கொள்ள முடியாது. ஆகவே சரக்கை இறக்கி வைத்ததோடு நம் வேலை முடிந்துவிடவில்லை.

ஓட்டலின் ஒரு நாளை நாம் அறிந்திருக்க வேண்டும். காலை டிபன் பத்து மணிக்குத் தணியும். சாப்பாடு பன்னிரண்டுக்குத் தொடங்கி மூன்று வரை போகும். மாலை டிபன் ஆறு மணிக்குமேல் சூடு பிடிக்கும். எனவே காலை பத்தரை முதல் பதினொன்றரை வரையும், பிற்பகல் மூன்றரை முதல் ஐந்து வரையும் நமக்கு உகந்தவை. மாவு மாலையில் அரைத்தால்தான் இரவில் புளித்து, காலை இட்லிக்கு ஆகும். ஆகவே இட்லி அரிசியும் உளுந்தும், ஊறப்போடும் நேரத்துக்கு முன்பே, காலை வேளையில் சேர்ந்துவிட வேண்டும். எண்ணெய், சர்க்கரை, புளி, மிளகாய் பிற்பகலில் போகலாம்.

ஊரையும் பார்க்க வேண்டும். கடலூரில் திங்கட்கிழமை குறைதீர்க்கும் கூட்டத்துக்கு மாவட்டம் முழுவதிலிருந்தும் மக்கள் ஆட்சியர் அலுவலகம் வருவார்கள். அன்று அந்தப் பக்கத்து ஓட்டல்களுக்குக் காலைச் சரக்கு வேண்டாம், சனிக்கிழமையே கொடுத்துவிடலாம். சிதம்பரத்தில் ஆனித் திருமஞ்சனம், மார்கழி ஆருத்ரா தரிசனம் இரண்டுக்கும் முதல் நாள் தேரோட்டம். ஐந்து தேர்களும் நான்கு வீதிகளையும் சுற்றி வரும்போது அங்கே வண்டி நுழையாது. தேருக்கு இரண்டு நாள் முன்பே ஓட்டல்காரரைக் கேட்டு, வழக்கத்தைவிடக் கூடுதலாகச் சரக்கைச் சேர்த்துவிட வேண்டும். கடலூரிலிருந்து சிதம்பரம் ஏறக்குறைய 45 கிலோமீட்டர். பத்தரைக்கு அங்கே இறக்க நினைப்பவர், ஒன்பது மணிக்கே வண்டியைக் கிளப்பினால்தான் வழித் தாமதத்துக்கு இடம் இருக்கும்.

கடைப்பிடிக்க வேண்டியவை:

1. ஒவ்வொரு ஓட்டலுக்கும் சரக்கு இறக்கும் நேரத்தையும், எண்ணி வாங்குபவர் யார் என்பதையும் முதலாளியிடமே பேசி முடிவு செய்து குறித்து வையுங்கள்.

2. சரக்குக்கான ஜி.எஸ்.டி. பில் மூன்று பிரதி. அசல் வாங்குபவருக்கு, இரண்டாவது வண்டியில் எடுத்துச் செல்பவருக்கு, மூன்றாவது நமக்கு. நம் பிரதியையும் கொடுத்தனுப்பி, எண்ணி வாங்கியவரின் கையெழுத்தும் நேரமும் பெற்று வரச் செய்யுங்கள்.

3. பையில் அடைத்து விவரம் அச்சிட்ட 25 கிலோ வரையிலான அரிசிக்கு 2022 ஜூலை 18 முதல் 5 சதவீத வரி வந்தது. அதன்பின் 26 கிலோ மூட்டைகளும் புழங்குகின்றன. ஆகவே மூட்டைக் கணக்கோடு எடையையும் சொல்லி ஒப்படையுங்கள்.

4. கூட்ட நேரத்தில் அவசரமாகக் கேட்டால், அந்த வேளைக்கு வேண்டியதை மட்டும் கையில் தூக்கும் அளவாக, பின்வாசல் வழியே கொடுங்கள். மீதி பிற்பகலில் போகட்டும். கொதிக்கும் சாம்பார் போகும் வழியில் மூட்டை தூக்குவது ஆபத்து.

5. கூட்ட நேரத்தில் கல்லா முன் நின்று பாக்கி கேட்காதீர்கள். வசூலுக்குத் தனி நாள், தனி நேரம் வையுங்கள்.

மொத்த வியாபாரிகளாகிய நமக்கும் இது பொருந்தும். மாலை ஏழு மணிக்குச் சில்லறைக் கடை வாசலில் வண்டியை நிறுத்தினால், அந்தக் கடைக்காரர் வாடிக்கையாளரைக் கவனிப்பாரா, நம் மூட்டையை எண்ணுவாரா?

ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு என்றார்கள் பெரியவர்கள். அளப்பதற்கு இரு தரப்புக்கும் அவகாசமுள்ள வேளையில் சரக்கை அனுப்புங்கள். மாதக் கடைசியில் கணக்கு நேராகும், வாடிக்கையும் நிலைக்கும்.