காபியை உட்கார்ந்து குடி, தங்கச்சி!

வீட்டில் எல்லோருக்கும் சூடாகக் காபி கலந்து கொடுப்பாய். உன் டம்ளர் மட்டும் அடுப்பு மேடையில் ஆடை கட்டி ஆறிக் கிடக்கும். டிபன் பாக்ஸ் கட்டி, வாட்டர் பாட்டில் நிரப்பி, வாசலில் ஆட்டோ ஹாரன் அடித்த பிறகு அதை ஒரே மடக்கில் குடித்துவிட்டு ஓடுவாய். ராத்திரி படுக்கும்போது, "இன்னிக்கு நாள் எப்படிப் போச்சுன்னே தெரியல" என்பாய்.

நாமாகப் பிடித்து நிறுத்தாவிட்டால் நாள் அப்படித்தான் போகும். கல்யாணம், வளைகாப்பு, புது வீடு, பிரமோஷன் எல்லாம் எப்போதாவது வருபவை. நடுவில் கிடக்கும் சாதாரண நாட்கள்தான் நம் ஆயுசில் பெரும்பகுதி. அந்த நாட்களின் சின்ன சந்தோஷங்களை 'நேரம் கிடைச்சா பார்த்துக்கலாம்' என்று தள்ளி வைத்தால், குடும்பம் நடத்தும் பெண்ணுக்கு அந்த நேரம் கிடைக்கவே கிடைக்காது. சின்ன சந்தோஷத்துக்கும் நேரம் குறிக்க வேண்டும். முதல் நாளே கொஞ்சம் ஏற்பாடு செய்ய வேண்டும். அக்கா சொல்ல வருவது இவ்வளவுதான்.

ஏதாவது பெரிய அதிர்ஷ்டம் வந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று காத்திருக்கவும் வேண்டாம். அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் லாட்டரியில் பெரும் பரிசு விழுந்த 22 பேரைப் பற்றி, பிலிப் பிரிக்மேன் என்ற உளவியலாளரும் அவருடைய சகாக்களும் 1978-ல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். பரிசு விழுந்தவர்கள் மற்றவர்களைவிடப் பெரிதாகச் சந்தோஷமாக இல்லை. காலைச் சாப்பாடு, நண்பரோடு பேச்சு, பத்திரிகை வாசிப்பது போன்ற அன்றாட விஷயங்களில் அவர்களுக்குக் கிடைத்த சுகமோ மற்றவர்களைவிடக் குறைவாகவே இருந்தது. சின்ன ஆய்வுதான். ஆனாலும், பணம் வந்துவிட்டதாலேயே சின்ன சுகங்களை ருசிக்க வந்துவிடாது என்பதை அது நன்றாகவே காட்டுகிறது. அதைத் தனியாகப் பழக வேண்டும். எப்படி என்று ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

1. உன் காபிக்குப் பத்து நிமிடம்

காபி நன்றாக அமைவதற்குப் பாதி வேலை முதல் நாளே முடிந்துவிட வேண்டும். பொடியைக் கிலோ கணக்கில் வாங்கி அடுக்காதே. வாரத்துக்கு ஒரு தடவை 100 அல்லது 200 கிராம் மட்டும், கடையில் அப்போதே அரைக்கச் சொல்லி வாங்கு. காற்றுப் புகாத டப்பாவில் போட்டு வை. அரைத்த பொடியின் வாசனை நாளாக ஆக இறங்கிவிடும். சிக்கரி கலந்து குடித்துப் பழகியவள் என்றால் 80 பங்கு காபிக்கு 20 பங்கு சிக்கரி போதும். அதற்கு மேல் போனால் நிறம்தான் இருக்கும், காபியின் மணம் அடங்கிவிடும்.

ஃபில்டரின் மேல் பாத்திரத்தில் பொடியைப் போட்டு, உள்தட்டை வைத்து லேசாக அழுத்து. இறுக்கி அழுத்தினால் டிகாக்‌ஷன் இறங்காது. தண்ணீர் கொதித்ததும் அடுப்பை அணைத்து, கொதி அடங்கியபின் மெல்லச் சுற்றி ஊற்றி மூடிவிடு. முழுசாக இறங்கக் கால் மணி நேரமாவது ஆகும். நீ குளித்துவிட்டு வருவதற்குள் தானாக இறங்கியிருக்கும். டிகாக்‌ஷனை நேராக அடுப்பில் வைத்துச் சூடு பண்ணாதே. அப்போதுதான் பொங்கிய பாலை அதில் ஊற்று, சூடு தானாக வந்துவிடும். சர்க்கரை போட்டு, டபராவுக்கும் டம்ளருக்கும் இரண்டு ஆற்று ஆற்றினால் நுரை எழும்பும்.

இனிமேல்தான் முக்கியமான விஷயம். மற்றவர்களுக்குக் கலப்பதற்கு முன்னால் உனக்குக் கலந்துகொள். போனை வேறு அறையில் வை. ஜன்னல் ஓரத்திலோ வாசற்படியிலோ உட்கார். முதல் வாயைக் குடிப்பதற்கு முன்னால் வாசனை பிடி. அந்தப் பத்து நிமிடத்தில் பட்டியல் போடாதே, யாரையும் கூப்பிடாதே. வீட்டில் உள்ளவர்கள் இரண்டு மூன்று நாள் "அம்மா, எங்க இருக்கீங்க?" என்று தேடுவார்கள். பிறகு பழகிவிடும்.

2. சாயங்காலம் ஒரு முழம் பூ

மல்லிகை ராத்திரிப் பூ. மொட்டாகப் பறித்து, மொட்டாகக் கட்டி, நம் கைக்கு வந்த பிறகுதான் அவிழும். அதனால் சாயங்காலம் வாங்கும்போது விரிந்த பூவை எடுக்காதே. வெள்ளைவெளேர் என்று, இறுக்கமாக, காம்பு பச்சையாக இருக்கும் மொட்டாகப் பார்த்து வாங்கு. விளக்கு வைக்கும் நேரத்தில் ஒவ்வொன்றாக அவிழ ஆரம்பித்தால் வீடு முழுக்க வாசனை வரும். 2013-ல் புவிசார் குறியீடு வாங்கிய மதுரை மல்லி கிடைத்தால் இன்னும் விசேஷம். முகூர்த்த நாளிலும் பனிக்காலத்திலும் விலை ஏறும். அப்போது முல்லையோ ஜாதிமல்லியோ வாங்கிக்கொள். கோடையில் வரத்து அதிகம், ஆசை தீர வாங்கலாம்.

மிச்சப் பூவை ஈரம் சொட்டச் சொட்ட வைத்தால் அழுகிவிடும். வாழை இலையில் சுற்றி, மூடியுள்ள டப்பாவில் போட்டு ஃபிரிட்ஜில் வைத்தால் மறுநாளும் தாங்கும். முடிந்தால் உதிரிப்பூ வாங்கி நீயே கட்டு. வாழைநாரை நனைத்துக்கொண்டு, இந்தப் பக்கம் இரண்டு, அந்தப் பக்கம் இரண்டு வைத்து ஒரு முடிச்சு. விரல் பழகிவிட்டால் கண் அங்கே இருக்க வேண்டியதில்லை. பக்கத்து வீட்டு அக்காவோடு பேசிக்கொண்டே கட்டி முடித்துவிடலாம்.

தலையில் வைக்கப் பிடிக்காதவர்கள் ஒரு கிண்ணத்தில் பத்துப் பன்னிரண்டு மொட்டைப் போட்டுத் தலையணைக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டால் போதும். இன்னொன்றும் சொல்ல வேண்டும். கணவரை இழந்த அத்தையோ சித்தியோ வீட்டில் இருந்தால், பூ நறுக்கும்போது அவர்களுக்கும் ஒரு துண்டு நறுக்கிக் கொடு. பிறந்ததிலிருந்து வைத்த பூ அது. அவர்களிடமிருந்து பூவைப் பறிக்க யாருக்கும் உரிமை கிடையாது.

3. வாரம் ஒரு எண்ணெய்க் குளியல்

தீபாவளிக்கு மட்டும் என்று விட்டுவிடாதே. நல்லெண்ணெயில் நாலு மிளகும் கொஞ்சம் சீரகமும் போட்டு, மிதமாகச் சூடு பண்ணி இறக்கு. உச்சந்தலையில் ஆரம்பித்து, காது மடல், கழுத்து, முழங்கால், உள்ளங்கால் வரை நிதானமாகத் தேய். அரை மணி நேரம் ஊறினால் போதும். சீயக்காயோ அரப்போ போட்டு வெந்நீரில் குளி. அன்றைக்குச் சமையலும் லேசாக இருக்கட்டும். சூடான சாதம், மிளகு ரசம், பருப்புத் துவையல், சுட்ட அப்பளம். இதற்கு ஈடான சாப்பாடு எந்த ஓட்டலிலும் கிடைக்காது.

ஒரு எச்சரிக்கை. குளித்து முடித்ததும் குளியலறைத் தரையில் சீயக்காய்த் தூளைத் தூவித் தேய்த்து, வெந்நீர் ஊற்றிக் கழுவிவிட்டு வெளியே வா. எண்ணெய் படிந்த தரையில் வீட்டுப் பெரியவர்கள் வழுக்கி விழுந்தால் எலும்பு முறிவு வரை போகும்.

4. மாதம் ஒருமுறை மொட்டைமாடிச் சாப்பாடு

காலண்டரில் பௌர்ணமியைப் பார்த்துக் குறித்து வை. அன்று சாயங்காலமே மாடித் தரையில் நாலு வாளித் தண்ணீர் ஊற்றிவிட்டால், இருட்டுவதற்குள் சூடு இறங்கிவிடும். தனியாகச் சமைக்க வேண்டாம். புளிச்சாதம், தயிர்சாதம், ஒரு வறுவல், மாவடு இருந்தால் ராஜ விருந்து. எல்லோரும் வட்டமாக உட்காரட்டும். ஒருவர் பிசைந்து, ஒவ்வொருவர் கையிலும் உருட்டி வைக்கட்டும். தட்டில் போட்டால் பாதி சாப்பிட்டு எழுந்துபோகிற பிள்ளை, கையில் வாங்கிச் சாப்பிடும்போது இரண்டு உருண்டை கூடக் கேட்கும்.

மாடி இல்லாத பிளாட் என்றால் பால்கனி போதும். அதுவும் இல்லாவிட்டால் ஹாலில் டிவியை அணைத்துப் பாய் விரித்துக்கொள்.

5. ஜன்னல் சீட்டும் நூலகமும்

2021 மே மாதத்திலிருந்து தமிழ்நாட்டில் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்கு டிக்கெட் கட்டணம் கிடையாது. வேலைக்கும் ஆஸ்பத்திரிக்கும் மட்டும்தான் அதில் போக வேண்டும் என்று யார் சொன்னது? கூட்டம் குறைந்த பதினொரு மணிக்கு ஏறி ஜன்னல் சீட் பிடி. ஊரின் மறுகோடி வரை போய்த் திரும்பி வா. கடற்கரையோ, ஆற்றங்கரையோ, கோயில் பிரகாரமோ, உனக்குப் பிடித்த ஓர் இடத்தில் அரை மணி நேரம் உட்கார்ந்துவிட்டு வா.

எங்கே போவது என்று தெரியாவிட்டால் பக்கத்து நூலகத்துக்குப் போ. அப்போதைய சென்னை மாகாணத்தில் பொது நூலகச் சட்டம் 1948-லேயே வந்துவிட்டது. அந்தச் சட்டப்படி சொத்து வரியோடு நூலக வரியும் சேர்த்துத்தான் வசூலிக்கிறார்கள். ஆக, அது நம் காசில் நடக்கும் இடம். கிளை நூலகத்தில் உறுப்பினராக ஆகும் செலவும் சொற்பம்தான். சென்னையில் 2010-ல் திறந்த அண்ணா நூற்றாண்டு நூலகம், மதுரையில் 2023-ல் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகம் இரண்டிலும் குழந்தைகளுக்குத் தனிப் பகுதியே உண்டு. பிள்ளையை அங்கே விட்டுவிட்டு நீ ஒரு சிறுகதையாவது நிம்மதியாகப் படிக்கலாம்.

6. சமைக்கும்போது ரேடியோ

போனில் பாட்டுத் தேட ஆரம்பித்தால் தேடுவதிலேயே வெங்காயம் கருகிவிடும். ரேடியோவைப் போட்டுவிட்டு உன் வேலையைப் பார். எதிர்பாராமல் பிடித்த பாட்டு வரும்போது வரும் சந்தோஷமே தனி. கூடவே பாடு. சுருதி சேர்கிறதா என்று அடுப்படியில் யாரும் மார்க் போடப் போவதில்லை.

7. வெறும் பாத்திரத்தைத் திருப்பித் தராதே

பக்கத்து வீட்டிலிருந்து கிண்ணத்தில் ஏதாவது வந்தால், அதை வெறுமனே திருப்பித் தரக்கூடாது என்பது நம் பாட்டிமார் வைத்துப்போன வழக்கம். நாலு முறுக்கு, ஒரு கொத்துக் கறிவேப்பிலை, ஒன்றும் இல்லாவிட்டால் ஒரு பிடி சர்க்கரை. கனடாவில் எலிசபெத் டன் என்ற உளவியலாளரின் குழு செய்து 2008-ல் வெளியிட்ட ஆய்வும் இதற்குப் பக்கத்தில் வருகிறது. காலையில் சிலரிடம் 5 டாலரோ 20 டாலரோ கொடுத்து, சாயங்காலத்துக்குள் செலவழிக்கச் சொன்னார்கள். தனக்கென்று செலவழித்தவர்களைவிட, அடுத்தவர்களுக்குச் செலவழித்தவர்கள்தான் சாயங்காலம் அதிகச் சந்தோஷமாக இருந்தார்கள். தொகை சின்னதா பெரியதா என்பதில் வித்தியாசம் தெரியவில்லை.

ஆகவே மாதச் சாமான் வாங்கும்போது இரண்டு பாக்கெட் கடலைமிட்டாய் கூட வாங்கி வை. வேலைக்கு வரும் அம்மாவின் பேரனுக்கு ஒன்று, வெயிலில் சிலிண்டர் தூக்கி வருபவருக்கு ஒரு டம்ளர் மோரோடு ஒன்று.

8. காலண்டர் தாளின் பின்பக்கம்

தினசரிக் காலண்டரில் தாளைக் கிழித்ததும் கசக்கிப் போடாதே. அதன் பின்பக்கத்தில், அன்று மனசுக்கு இதமாக இருந்த ஒன்றை ஒரே வரியில் எழுது. 'நல்ல நாள்' என்று பொதுவாக எழுதாதே. 'மதியம் திடீர் மழை, துணியை எடுக்க ஓடும்போது மண் வாசனை', 'மாமியார் என் வத்தக்குழம்பை இரண்டாம் முறை கேட்டு வாங்கினார்' என்று குறிப்பாக எழுது. வாரக் கடைசியில் ஏழு தாளையும் சேர்த்துப் படி. ராபர்ட் எம்மன்ஸ், மைக்கேல் மெக்கல்லா என்ற இருவர் 2003-ல் வெளியிட்ட ஆய்வில், நன்றி சொல்லத்தக்க விஷயங்களை வாரம் ஒருமுறை எழுதியவர்கள், தொல்லைகளை மட்டும் எழுதியவர்களைவிடத் தங்கள் வாழ்க்கையைப் பற்றி நிறைவாக உணர்ந்தார்கள். எழுதப் போகிறோம் என்று தெரிந்தால், பகலிலேயே கண் அதைத் தேட ஆரம்பித்துவிடும்.

அக்கா கண்டிப்பாகச் சொல்லும் ஒரு விஷயம்

பிடித்த எதுவுமே பிடிக்கவில்லை, தூக்கம் இல்லை, சாப்பாடு இறங்கவில்லை, அழுகை அழுகையாக வருகிறது என்று இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால், பூவும் காபியும் அதற்கு மருந்தாகாது. அது மனச்சோர்வு நோயாக இருக்கலாம். காய்ச்சலுக்குப் போவது போல டாக்டரிடம் போ. அரசின் டெலி மானஸ் சேவையை 14416 என்ற எண்ணில் எந்த நேரமும் இலவசமாகக் கூப்பிட்டுப் பேசலாம். இதில் வெட்கப்பட ஒன்றுமே இல்லை.

மற்றபடி, மேலே சொன்ன எட்டையும் நாளைக்கே ஆரம்பிக்காதே. அதுவும் இன்னொரு வேலைச் சுமையாகிவிடும். ஒன்றை மட்டும் எடுத்துக்கொள். நேரம் குறித்து, வீட்டில் எல்லோரிடமும் சொல்லிவிடு: "இந்த இருபது நிமிஷம் என்னைக் கூப்பிடாதீங்க." இதைச் சொல்லும்போது குரல் இறங்க வேண்டாம், காரணமும் விளக்க வேண்டாம். நாள் முழுக்க எல்லோருக்காகவும் உழைக்கிறவள் தனக்கென்று இருபது நிமிடம் எடுத்துக்கொள்வதில் சுயநலம் எதுவும் இல்லை. தைரியமாக எடுத்துக்கொள், தங்கச்சி.