சிறுவர் ஓட்டும் பந்தய வண்டி

பந்தயக் கார் என்றதும் அது கோடீசுவரர்களின் விளையாட்டு என்றே நாம் எண்ணுகிறோம். ஆனால் அதற்கு முதற்படியாக விளங்கும் 'கோ-கார்ட்' பிறந்த கதை மிக எளியது. 1956-ஆம் ஆண்டு அமெரிக்காவின் கலிபோர்னியாவில், பந்தயக் கார் செய்யும் பட்டறையில் பணியாற்றிய ஆர்ட் இங்கெல்ஸ் என்பவர், இரும்புக் குழாய்களைப் பற்றவைத்து, விற்காமல் மிஞ்சிய புல்வெட்டும் இயந்திரத்தின் எஞ்சினைப் பொருத்தி முதல் வண்டியைச் செய்தார். இன்று அந்நாட்டில் 5 வயதுக் குழந்தைகளுக்கும் தனிப் பந்தயம் உண்டு!

வண்டியின் அமைப்பைச் சற்றுப் பார்ப்போம். வளைவில் திரும்பும்போது வெளிச்சக்கரம் உட்சக்கரத்தைவிட அதிக தூரம் உருள வேண்டும் அல்லவா? காரில் இதற்கெனப் பற்சக்கர அமைப்பு உண்டு. கார்ட்டிலோ பின்சக்கரங்கள் இரண்டும் ஒரே அச்சில் இறுகப் பிணைந்துள்ளன. ஆகவே வளைவில் உட்புறப் பின்சக்கரம் தரையைவிட்டுச் சற்றே எழும்பினால்தான் வண்டி எளிதில் திரும்பும். ஸ்பிரிங்கும் கிடையாது, குழாய்ச் சட்டமே வளைந்து கொடுக்கிறது. வலக்கால் வேகத்துக்கு, இடக்கால் பிரேக்குக்கு. இருக்கைப் பட்டை இல்லை என்று அறிந்தபோது நாங்கள் திடுக்கிட்டோம். தலைக்கு மேல் கூண்டு இல்லாததால், வண்டி கவிழ்ந்தால் ஓட்டும் பிள்ளை அதனடியில் சிக்காமல் விலகி விழுவதே மேலாம். ஹெல்மெட்டும் விலாக் கவசமும் அணிந்துதான்!

செலவு எப்படிப் பெருகுகிறது? வசதி படைத்த தந்தை எஞ்சினைப் பிரித்து வேகத்தைக் கூட்டுவார். அவரைப் பார்த்து மற்றவர் கடன் வாங்குவார். வாங்காதவர் பிள்ளை பின்தங்கும். இதைத் தடுக்கத்தான் பிரிக்ஸ் அண்டு ஸ்ட்ராட்டன் நிறுவனத்தின் '206' என்னும் எஞ்சின் தொழிற்சாலையிலேயே முத்திரையிடப்பட்டு வருகிறது. முத்திரையை உடைத்துத் திருத்தினால் பந்தயத்தில் இடமில்லை. சிறு பிள்ளைகளுக்கு, கார்புரேட்டரில் காற்றுப் போகும் வழியைக் குறைக்கும் சிறு பாகத்தைப் பொருத்துகிறார்கள். பிள்ளை வளர வளர அப்பாகத்தை மாற்றினால் போதும், எஞ்சின் அதுவே. நம் தம்பிக்கு அண்ணனின் சட்டை போல, வண்டியையும் பலர் பழையதாகவே வாங்குகிறார்கள்.

ஆயினும் டயர், பெட்ரோல், பயணம் என்று கை கடிக்கத்தான் செய்யும். இங்கிலாந்தின் லூயிஸ் ஹாமில்டன் 8 வயதில் பந்தயத்தில் இறங்கினார். அவருடைய தந்தை மகனுக்காக ஒரே சமயத்தில் பல வேலைகள் பார்த்தார். அந்த மகன் 2008-இல் உலக வீரரானார். எல்லாத் தந்தையருக்கும் அப்படி வாய்க்குமா? எங்களுள் இருவர், அந்தப் பணத்தைப் படிப்புக்குச் செலவிடலாமே என்று இன்னமும் வாதிடுகிறார்கள்.

எங்களுக்குப் பிடித்தது வேறொன்று. கார்ட் பந்தயத்தில் பெரும்பாலும் சிறுவரும் சிறுமியரும் ஒன்றாகவே ஓட்டுகிறார்கள். ஸ்காட்லாந்தின் சூசி உல்ஃப் அப்படிக் கார்ட் ஓட்டி வளர்ந்தவர். 22 ஆண்டுகளுக்குப்பின் ஃபார்முலா ஒன் பந்தய வார இறுதியில் கார் ஓட்டிய முதல் பெண் அவரே. 2014-இல் சில்வர்ஸ்டோன் பயிற்சி ஓட்டத்தில் சில சுற்றுகளிலேயே எஞ்சின் பழுதாயிற்று. இரு வாரங்களில் ஜெர்மனியில் மீண்டும் இறங்கி, பயிற்சியை ஓட்டி முடித்தார்.