இருட்டாகப் பதிந்த சுவர்

அன்புள்ள யாழினிக்கு,

அஜந்தாவின் மிகப் பழைய புகைப்படங்களில் தூண்கள் துலக்கமாக இருக்கின்றன, சுவர்களில் ஒன்றுமே தெரியவில்லையே, ஓவியங்கள் அப்போதே அழிந்துவிட்டனவா என்று கேட்டிருந்தாய். அழியவில்லை. அந்தப் படங்களை எடுத்த ராபர்ட் கில் சென்னைப் படையின் அதிகாரி. 1844இல் அவர் அஜந்தாவில் பணிக்கு அமர்த்தப்பட்டதே ஓவியங்களை வண்ணத்தில் படியெடுக்கத்தான். கேமரா பிறகுதான் அவர் கைக்கு வந்தது. குடைவரைக் கோயில்களைப் பற்றி 1864இல் ஜேம்ஸ் பெர்குசன் வெளியிட்ட நூலில் கில் எடுத்த 74 படங்கள் உள்ளன. ஓவியத்துக்காகப் போனவரின் படங்களிலேயே ஓவியம் இருளில் மூழ்கியது ஏன்? அன்றைய புகைப்படத் தகடுகள் நீல ஒளியை நன்றாக வாங்கிக்கொள்ளும். சிவப்பும் மஞ்சளும் அவற்றில் அநேகமாகப் பதியவே பதியாது. அஜந்தா ஓவியர்கள் தாராளமாகக் கையாண்டதோ செங்காவியும் மஞ்சள் காவியும். குகைக்குள் வாசல் வழியே வரும் வெளிச்சமும் சொற்பம். ஆகவே காவி தீட்டிய சுவரும் வெறும் பாறையும் படத்தில் ஒரே கறுப்பாகிவிடும். அந்தக் கறுப்பு தகட்டின் குறை. சுவரின் நிலையைப் பற்றி அது எதுவும் சொல்வதில்லை.

படியெடுக்கும் ஓவியன் தன் ரசனையைக் கலந்துவிடுவான், கேமரா அப்படிச் செய்யாதே என்று நீ வாதாடலாம். வடிவத்தைப் பொறுத்தவரை அது சரி. தூணின் விளிம்பு, போதிகையின் வளைவு, முகப்பில் விழுந்த வெடிப்பு ஆகியவற்றுக்கு இந்தப் படங்களை நான் முழுதாக நம்புவேன். எந்தத் தூண் அப்போதே உடைந்திருந்தது, எது பின்னாளில் பழுதுபார்க்கப்பட்டது என்று பிரித்தறிய இவற்றைவிட நல்ல சான்று கிடைப்பது அரிது. இன்னொரு வலுவான வாதமும் உண்டு. கில் ஆண்டுக்கணக்கில் உழைத்து எடுத்த வண்ணப் படிகளில் பெரும்பாலானவை 1866இல் லண்டன் கிரிஸ்டல் பேலஸ் தீயில் எரிந்துபோயின. நினைத்தாலே நெஞ்சு பதைக்கும் இழப்பு அது. புகைப்படத்துக்குப் பல பிரதிகள் உண்டு, அதனால் அது தப்பித்தது. ஆனால் தப்பிப் பிழைத்தது என்பதாலேயே ஒரு சான்று எல்லாக் கேள்விக்கும் விடை சொல்லிவிடாது. அந்தக் கறுப்புப் படத்தை இன்றைய வண்ணப் படத்தோடு வைத்து ஓவியத்தின் தேய்மானத்தை அளக்கப் புகுந்தால் கணக்கு முதலடியிலேயே பிழைத்துவிடும்.

சுவரின் நிலையை அறிய, ஜான் கிரிபித்ஸ் 1872 முதல் பம்பாய் ஓவியப் பள்ளி மாணவர்களுடன் எடுத்த வண்ணப் படிகளைப் பார். அவற்றிலும் ஒரு பகுதி தீக்கிரையாயிற்று. எஞ்சியவை லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. பார்த்துவிட்டு எழுது.