நீங்கள் மனிதர்தானா?

கணிப்பொறி வழியே ஒரு கருத்தை எழுதி அனுப்ப முயல்கிறீர்கள். உடனே கோணல்மாணலான எழுத்துகள் தோன்றி, 'மனிதர்தானா?' என்று உங்களைச் சோதிக்கின்றன. ஏன் இந்தத் தொல்லை?

மனிதரைப் போல் நடித்து, விளம்பரங்களை ஆயிரக்கணக்கில் அனுப்பும் நிரல்களைத் தடுக்கத்தான்! இச்சோதனைக்குக் 'காப்ட்சா' என்று பெயர். பதில் தருவது மனிதனா, இயந்திரமா என்று மனிதர் கண்டறியும் சோதனையை ஆலன் டூரிங் என்னும் அறிஞர் 1950-இல் விளக்கினார். இங்கோ தேர்வாளரே இயந்திரம்!

வளைந்த எழுத்துகளை நம் கண் எளிதில் இனங்காணும், இயந்திரமோ முன்பு தடுமாறியது. ஆனால் 2014-இல் கூகுள் நிறுவனத்தின் நிரல் மிகக் கடினமான எழுத்துகளையும் 99.8 விழுக்காடு சரியாகப் படித்துவிட்டது. புதிரை மேலும் கடினமாக்கினால் தவறுவது நாமே. படப்புதிர் மட்டுமே இருந்தால் பார்வையற்றவர் என்ன செய்வார்? அவர் மனிதரல்லரா? சிந்தித்துப் பாருங்கள்.