தேர்தல் நன்கொடை பிரதிநிதியின் வோட்டை மாற்றுமா?



தேர்தல் காலம் வந்தால் இரண்டு விதமான பேச்சு நம் காதில் விழும். "பணம் கொடுத்தவர் சொற்படிதான் சட்டசபையில் கை தூக்குவார்கள்" என்பார் ஒருவர். "அல்ல, தன் கொள்கைக்கு ஒத்தவருக்குத்தானே எவரும் பணம் கொடுப்பார்?" என்பார் மற்றொருவர். இவ்விருவரில் யார் சொல்வது சரி? கோபத்தாலோ ஊகத்தாலோ தீர்ப்புக் கூறாமல், உண்மைகளைக் கொண்டு ஆராய்வோம். இதற்கு அமெரிக்க நாடு தக்க உதாரணம். அங்கே அபேட்சகருக்கு யார் எவ்வளவு கொடுத்தார், பிரதிநிதி எப்படி வோட்டளித்தார் என்ற இரு கணக்குகளும் பெரும்பாலும் பொதுமக்கள் பார்வைக்குக் கிடைக்கின்றன.

1. லஞ்சம் எது, நன்கொடை எது?

"இந்த மசோதாவை ஆதரித்தால் இவ்வளவு தருகிறேன்" என்று பேசிக் கொடுப்பது லஞ்சம், அது குற்றம். நிபந்தனை ஏதும் பேசாமல் தேர்தல் செலவுக்கென்று கொடுப்பது நன்கொடை. அதற்குச் சட்டம் இடங்கொடுக்கிறது. அந்நாட்டில் மத்திய சபைகளுக்குப் போட்டியிடும் அபேட்சகருக்குக் கம்பெனிகள் நேராகப் பணம் கொடுப்பதை 1907-ஆம் ஆண்டுச் சட்டம் தடுத்தது. நன்கொடைக்கு வரம்பு வைக்கலாம், அபேட்சகரின் செலவுக்குக் கட்டாய வரம்பு வைக்கலாகாது என்று 1976-இல் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பளித்தது. அபேட்சகருடன் கலந்துகொள்ளாமல், தேர்தலுக்கென்று கம்பெனிகளும் தொழிற்சங்கங்களும் தனியே எவ்வளவும் செலவிடலாம் என்று 2010-இல் மற்றொரு தீர்ப்பு வந்தது.

2. வோட்டு மாறுகிறதா?

அன்ஸோலபஹியர், டி ஃபிகரெடோ, ஸ்னைடர் என்னும் மூன்று அறிஞர்கள், அதுவரை வெளிவந்த ஏறக்குறைய 40 ஆராய்ச்சிகளை 2003-இல் தொகுத்துப் பார்த்தார்கள். நாலில் மூன்று பங்கில், நன்கொடையால் வோட்டு மாறியதாகத் தெளிவான தடயம் இல்லை. பிரதிநிதியின் சொந்தக் கொள்கை, கட்சி, தொகுதி மக்களின் விருப்பம் ஆகியவையே பெரிதும் வழிநடத்தின என்று அவர்கள் கண்டார்கள்.

ஆனால் இதோடு விஷயம் முடியவில்லை. பாங்கித் தொழிலைப் பற்றிய மசோதாக்கள் 1991-இலும் 1998-இலும் சபைக்கு வந்தன. இருமுறையும் வோட்டளித்த அதே அங்கத்தினர்களை ஸ்ட்ராட்மன் என்ற பொருளாதார அறிஞர் ஒப்பிட்டார். இடையில் யாருக்கு நன்கொடை கூடிற்றோ, அவர்கள் கொடுத்தவர் பக்கம் சாய்ந்த போக்கை அவர் கண்டார். ஆக, பொதுமக்கள் கூர்ந்து கவனிக்கும் பெரிய விவகாரத்தில் பணத்தின் பலம் குறைவு. சாதாரண மனிதருக்கு விளங்காத நுட்பமான சட்டத்தில் அதற்கு இடம் உண்டு என்று எண்ண நியாயம் இருக்கிறது.

3. கதவு யாருக்குத் திறக்கிறது?

வோட்டு ஒன்றை மட்டும் பார்ப்பது போதாது. 2013-இல் கல்லா, புரூக்மன் என்னும் இருவர் ஒரு சோதனை செய்தார்கள். 191 பிரதிநிதிகளின் அலுவலகங்களுக்குப் பேட்டி கேட்டுக் கடிதங்கள் போயின. சில கடிதங்களில் "தொகுதி மக்கள் வருகிறார்கள்" என்றும், சிலவற்றில் "நன்கொடை கொடுத்தவர்கள் வருகிறார்கள்" என்றும் எழுதப்பட்டது. வேறு வித்தியாசம் இல்லை. நன்கொடையாளர் என்று எழுதியவர்களுக்கு, மேல்நிலையில் உள்ளவர்களின் பேட்டி மூன்று நான்கு மடங்கு அதிகமாகக் கிடைத்தது.

யோசித்துப் பாருங்கள். நீதி விற்கப்படவில்லை, ஆனால் முறையிடும் நேரம் ஒருவருக்குக் கிடைத்தது, மற்றவருக்குக் கிடைக்கவில்லை. ஒருவரின் குறையை மட்டுமே நாள்தோறும் கேட்பவர், தம்மை அறியாமலே அவர் கண்ணால் உலகத்தைப் பார்க்கத் தொடங்குவார்.

4. வோட்டே இல்லாமல் நடந்த ஒரு காரியம்

1987-இல் லிங்கன் என்ற சேமிப்பு நிறுவனத்தின் கணக்குகளை அரசாங்க அதிகாரிகள் சோதித்துக்கொண்டிருந்தார்கள். அதன் தலைவர் சார்லஸ் கீட்டிங், ஐந்து செனட்டர்களுக்கும் அவர்கள் சார்ந்த காரியங்களுக்கும் ஏறக்குறைய 13 லட்சம் டாலர் சேர்த்துக் கொடுத்திருந்தார். அந்தச் செனட்டர்கள் அதிகாரிகளை அழைத்து இந்நிறுவனத்தைப் பற்றிப் பேசினார்கள். 1989-இல் நிறுவனம் விழுந்தது. அரசாங்கத்துக்கு 300 கோடி டாலருக்கு மேல் நஷ்டம். அதன் தாய்க் கம்பெனியின் பத்திரங்களை நம்பி வாங்கிய 20,000-க்கு மேற்பட்டோர், முதியோர் பலர் உட்பட, சேமிப்பை இழந்தார்கள். 1991-இல் செனட் ஒழுங்குக் குழு ஒருவரைக் கண்டித்தது. மற்ற நால்வரின் நடத்தையைக் குறைவு அல்லது கூடுதலாகக் குறைகூறியது. கவனியுங்கள்: இங்கே எந்த மசோதாவின்மீதும் வோட்டு எடுக்கப்படவில்லை.

5. நம் நாட்டில்

1985-ஆம் ஆண்டின் கட்சித் தாவல் தடைச் சட்டப்படி, கட்சிக் கொறடாவின் கட்டளையை மீறி வோட்டளிக்கும் அங்கத்தினர் பதவி இழக்க நேரிடும். ஆகையால் இங்கே கேள்வி, தனி அங்கத்தினரை விடக் கட்சியைப் பற்றியது. 2018 முதல் நடப்பிலிருந்த தேர்தல் பத்திரத் திட்டத்தில் கொடுத்தவர் பெயர் பொதுமக்களுக்கு மறைக்கப்பட்டது. 2024 பிப்ரவரி 15 அன்று சுப்ரீம் கோர்ட் அதைச் செல்லாது என்று தீர்த்தது. கொடுத்தவர் யார் என்று தெரியாவிட்டால், கைம்மாறு நடந்ததா என்று வோட்டர் எப்படி அறிவார்?

6. நாம் செய்யக்கூடியது

குடும்பத் தலைவர்களே, தாய்மார்களே! பணக்காரர் கொடுப்பதைக் குறைகூறுமுன், நம் வாசலுக்கு வரும் பணத்தையும் நினைப்போம். பண விநியோகப் புகாரால் 2017-இல் ராதாகிருஷ்ணன் நகர் இடைத்தேர்தலும், 2019-இல் வேலூர் பார்லிமெண்ட் தேர்தலும் ரத்தாயின. வோட்டுக்குக் காசு வாங்குவது குற்றம். மேலும், நமக்குக் கொடுக்கும் அந்தக் காசு எங்கிருந்தோ வரவேண்டும். அதைத் தந்தவர் சும்மா தருவாரா?

ஆகவே காசை மறுப்போம். நம் பிரதிநிதி சபையில் என்ன பேசினார், எதை ஆதரித்தார் என்று விசாரிப்போம். ஏழைகளின் முறையீட்டைப் பலர் கையெழுத்திட்டு எழுதி அனுப்புவோம். பணமில்லாதவர் கதவைத் தட்ட ஒரே வழி, பலராய்ச் சேர்ந்து தட்டுவதே.

வீட்டில் பேசுவதற்கு:

1. லஞ்சத்துக்கும் நன்கொடைக்கும் உள்ள வித்தியாசம் யாது?
2. வோட்டை மாற்றாமலே பணம் எவ்வாறு அநீதி விளைவிக்கலாம்?
3. சென்ற தேர்தலில் நம் வீட்டாரின் நடத்தை எப்படி இருந்தது?