மலைவழிச் செலவு

நுழையும் முன்

விடுமுறை வந்தால் குடும்பத்தோடு எங்கேனும் சென்றுவர வேண்டும் என்னும் விருப்பம் இன்று பெரும்பாலான வீடுகளில் உண்டு. கேளிக்கைப் பூங்காவும் மலைவாழிடமும் அவ்விருப்பத்தின் இருபெரும் இலக்குகள். மகிழ்ச்சி தேடியே இரண்டிற்கும் செல்கிறோம்; ஆயினும் இரண்டும் ஒன்றல்ல. போடிநாயக்கனூரிலிருந்து போடிமெட்டுக்கு ஏறும் மலைவழியை முன்வைத்து அவ்வேறுபாட்டை ஆராய்கிறது இப்பாடம்.

'செலவு' என்னும் சொல்லுக்கு இன்று நாம் கொள்ளும் பொருள் பணம் செலவழித்தல் என்பதே. பழந்தமிழில் அது பயணத்தைக் குறித்தது. 'செல்' என்னும் வினையடியாகப் பிறந்த சொல் அது. பொருள் தேடிப் புறப்பட எண்ணிய தலைவன், தலைவியின் வருத்தம் கண்டு பயணத்தை நிறுத்துவதைச் 'செலவழுங்கல்' என்று அகப்பொருள் இலக்கணம் கூறும். இக்காலக் குடும்பச் சுற்றுலாவில் அச்சொல்லின் பழம்பொருளும் புதுப்பொருளும் ஒருங்கே பொருந்திவிடுகின்றன. செலவைக் கணக்கிட்டுப் பார்த்துச் செலவழுங்கிய தந்தையரும் உண்டு.

தேனி மாவட்டத்து வீடொன்றில் விடுமுறைப் பேச்சு எழுந்தால், பிள்ளைகள் மதுரையை அடுத்த பரவையிலுள்ள 'அதிசயம்' கேளிக்கைப் பூங்காவின் பெயரைச் சொல்வார்கள். மூத்தோர் வைகை அணைப் பூங்கா போதும் என்பார்கள். எவரேனும் ஒருவர், "மலைக்கே போய்வரலாமே" என்பார். தலைநிமிர்ந்தால் தெரியும் மலைக்குச் சுற்றுலா செல்வதா என்னும் தயக்கம் உள்ளூரார்க்கு உண்டு. சென்னையிலிருந்து வருவோர்க்கு அத்தயக்கம் இல்லை. 2010ஆம் ஆண்டின் இறுதியில் அகலப்பாதைப் பணிக்காக நின்றுபோன போடி இரயில், 2023 ஜூன் மாதம் மீண்டும் ஓடத் தொடங்கிய பின்னர், தலைநகரில் இரவு ஏறுவோர் மறுநாள் மலையடிவாரத்தில் இறங்கிவிடுகின்றனர்.

கேளிக்கைப் பூங்கா என்பது என்ன? 1955இல் அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் டிஸ்னிலாந்து திறக்கப்பட்டது முதல் உலகெங்கும் பரவிய ஓர் ஏற்பாடு அது. அங்கு விற்கப்படும் பொருள் அச்சம். ஆனால் ஆபத்து நீக்கப்பட்ட அச்சம். ரோலர் கோஸ்டரை எடுத்துக்கொள்வோம். பொதுவாக அதன் பெட்டிகளுக்குத் தனி எந்திரம் இல்லை. முதல் உச்சி வரை சங்கிலி இழுத்துச் செல்கிறது. அதன்பின், ஏறிய உயரத்தால் பெற்ற ஆற்றலே ஓட்டத்தை நடத்துகிறது. தலைகீழாகச் சுழலும்போது விழுந்துவிடுவோம் என்று உடல் நடுங்குகிறது. ஆயினும் தண்டவாளத்தின் மேலும் பக்கத்திலும் கீழுமாக மூவகைச் சக்கரங்கள் அதனைப் பற்றியிருக்கின்றன. மார்பைக் கம்பி அணைத்திருக்கிறது. நம்மை அச்சுறுத்தும் வளைவு ஒவ்வொன்றையும் ஒரு பொறியாளர் முன்னரே கணக்கிட்டு வரைந்திருக்கிறார். அங்குச் செல்வோர்க்கு வேண்டியது அனுமதிச்சீட்டு ஒன்றே. வழி அறிந்திருக்க வேண்டியதில்லை. எவரையும் கேட்க வேண்டியதில்லை. குழந்தைகளுக்கு அது மிக நல்ல பொழுதுபோக்கு என்பதில் ஐயமில்லை. அவ்வியல்பை அப்படியே மலைக்கும் ஏற்றிக் காண்பதில்தான் இடர் தொடங்குகிறது.

போடியிலிருந்து மேற்கே செல்லும் சாலை, கொச்சிக்குச் செல்லும் தேசிய நெடுஞ்சாலையின் ஒரு பகுதி. முந்தல் சோதனைச்சாவடியைக் கடந்ததும் ஏற்றம் தொடங்கும். பதினேழு கொண்டைஊசி வளைவுகள். புலியூத்து அருவியைக் கடந்து மேலே செல்லச் செல்ல, கீழே போடியும் அதனைச் சூழ்ந்த தோப்புகளும் விரித்த பாய்போலத் தோன்றும். ஆயிரம் மீட்டர் ஏறினால் வெப்பம் ஏறத்தாழ ஆறரைப் பாகை செல்சியஸ் குறையும் என்று புவியியல் பாடத்தில் படித்திருப்போம். அதனை இவ்வழியில் ஒரு மணிநேரத்தில் உடலால் அறியலாம். தென்மேற்குப் பருவக்காற்றின் மழைமுகில் மேற்குச் சரிவில் பொழிந்து தீர்ந்துவிட, எஞ்சிய பஞ்சுப்பொதிகள் முகட்டைத் தாண்டி இப்புறம் வழிந்து கரையும். சரிவின் கிழக்கு முகம் வறண்டிருக்கும். முகட்டைக் கடந்தால் பசுமை. முகட்டில், கடல்மட்டத்திலிருந்து நான்காயிரம் அடிக்கு மேல் அமைந்தது போடிமெட்டு. அங்கே தமிழ்நாடு முடிந்து கேரளம் தொடங்குகிறது. பெயர்ப்பலகைகளில் எழுத்து மாறும். தேநீர்க்கடைப் பேச்சில் தமிழ் தொடரும். பூப்பாறையும் தேவிகுளமும் மூணாறும் அவ்வழியே.

சுற்றுலா வருவோர் இச்சாலையைப் பெரும்பாலும் முற்பகலில்தான் காண்கின்றனர். விடியற்காலையில் காண்போர்க்கு அது வேறொரு சாலை. போடியிலிருந்தும் சுற்றியுள்ள சிற்றூர்களிலிருந்தும் பெண்கள் தூக்குவாளியில் சோற்றை எடுத்துக்கொண்டு, தலையில் துணியை இறுகக் கட்டி, ஜீப்புகளில் நெருக்கியமர்ந்து ஏலத்தோட்டங்களுக்கு ஏறிச் செல்வார்கள். மாலையில் அதே ஜீப்புகளில் இறங்குவார்கள். விடுதியின் சாளரத்திலிருந்து நாம் 'இயற்கைக் காட்சி' எனப் படம்பிடிக்கும் பசுஞ்சரிவு, அவர்களது பணியிடம்.

ஏலம் இஞ்சிக் குடும்பத்தைச் சார்ந்த செடி. ஆளுயரத்தை விஞ்சி வளர்ந்தாலும் அதன் காய் தலையில் காய்ப்பதில்லை; தூரிலிருந்து கிளம்பித் தரையையொட்டிப் படரும் சரத்தில் காய்க்கிறது. எனவே காயெடுப்போர் நாள்முழுதும் குனிந்தோ குந்தியோ இருக்க வேண்டும். ஒரு சரத்தின் காய்கள் அனைத்தும் ஒருங்கே முதிர்வதுமில்லை. முற்றியதை மட்டும் விரலால் உணர்ந்து பறித்து, பிஞ்சை விட்டு, சில வாரங்கள் கழித்து மீண்டும் அதே செடிக்கு வருவர். மரநிழலில் வளரும் பயிராதலால் மண்ணில் ஈரம் காய்வதில்லை; அட்டைக்கடி அன்றாடம். பறித்த பச்சைக்காயை உடனே உலர்கூடத்தில் இளஞ்சூட்டில் வாட்ட வேண்டும். சூடு மிகுந்தால் பச்சைநிறம் போகும். நிறம் போனால் விலை போகும். ஏறத்தாழ ஐந்து கிலோ பச்சைக்காய் வாடினால் ஒரு கிலோ உலர்காய் கிடைக்கும். அது போடிக்கு இறங்கிவந்து, சலித்துத் தரம் பிரிக்கப்பட்டு, நறுமணப்பொருள் வாரியத்தின் மின்னணு ஏலத்தில் விலைபெறுகிறது. போடியிலும் இடுக்கி மாவட்டத்துப் புற்றடியிலும் இவ்வேலம் நடைபெறுகிறது. ஏலத்தை ஏலமிடும் ஊர் என்று போடியைச் சிலேடையாகக் கூறலாம். குவாதமாலா நாட்டின் விளைச்சல் மிகுந்தால் இம்மலையின் விலை சரியும். சரிந்த விலையின் சுமை கடைசியில் காயெடுப்பவர் கூலியில் வந்து நிற்கும்.

ஒருநாள் விருந்தினராகச் செல்லும் நாம் இவற்றையெல்லாம் எதற்கு அறிய வேண்டும் என்று கேட்கலாம். கேளிக்கைப் பூங்காவில் எந்திரம் இயக்குபவரை நாம் காணாதிருப்பதற்கென்றே இடம் அமைக்கப்பட்டிருக்கும். மலையில் அவ்வாறு எவரும் மறைக்கப்படவில்லை. காணாமல் வருவது நம் கண்ணின் குறையே.

தெரிந்து தெளிவோம்

மூணாற்றுத் தேயிலை ஒரு காலத்தில் போடிப் பக்கமாகவே இறங்கியது. மூணாற்றிலிருந்து டாப் ஸ்டேஷன் வரை 1902இல் ஒற்றைத் தண்டவாளப் பாதையும், 1908இல் அதற்கு மாற்றாகக் குறுகிய இருப்புப்பாதையும் அமைக்கப்பட்டன. டாப் ஸ்டேஷனிலிருந்து தேயிலைப் பெட்டிகள் கம்பிவடத்தில் தொங்கியவாறு மலையடிவாரத்துக் கொட்டகுடிக்கு இறங்கின. 1924ஆம் ஆண்டுப் பெருவெள்ளத்தில் அவ்விருப்புப்பாதை அழிந்தது. இன்று சுற்றுலாவினர் காட்சிமுனையாகக் காணும் டாப் ஸ்டேஷனின் பெயரில் மட்டும் அந்நிலையம் எஞ்சியுள்ளது.

கொட்டகுடிக்கு அருகிலுள்ள குரங்கணியின் பெயரை நாடு முழுதும் அறிய நேர்ந்தது ஒரு துயரத்தால். 2018 மார்ச் 11, ஞாயிற்றுக்கிழமை. சென்னையிலிருந்தும் ஈரோடு, திருப்பூர்ப் பகுதிகளிலிருந்தும் வந்த இரு குழுவினர் குரங்கணி – கொழுக்குமலைப் பகுதியில் மலையேற்றம் மேற்கொண்டிருந்தனர். பெரும்பாலோர் இளைஞர்; பெண்கள் பலர். வார இறுதியை மகிழ்வாகக் கழிக்க வந்தவர்கள். இறங்கும் வழியில் காட்டுத்தீ அவர்களைச் சூழ்ந்தது. மீட்புப் பணிக்கு விமானப்படை ஹெலிகாப்டர்கள் வந்தன. அவை வருமுன்னரே மேலே ஓடியவர்கள் ஊர்மக்கள். தீக்காயமுற்றோரைப் போர்வையில் ஏந்தி இருளில் இறக்கியவர்களும் அவர்களே. 20க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர்.

தீ ஏன் அவ்வளவு விரைந்து பரவியது என்பதை அறிவியல் விளக்குகிறது. சமவெளியில் தீயின் வெப்பம் மேல்நோக்கிச் சென்று வானில் கலந்துவிடும். சரிவில் அவ்வாறன்று. மேலெழும் வெப்பக்காற்று மேற்சரிவிலுள்ள புல்லைத் தீ தொடுமுன்னரே காய்ச்சிவைக்கிறது. தீ வந்து சேர்ந்தவுடன் அது பற்றிக்கொள்கிறது. சரிவு பத்துப் பாகை கூடினால் தீ பரவும் வேகம் ஏறத்தாழ இரு மடங்காகும் என்பது தீயணைப்புத் துறையினர் கையாளும் கணக்கு. மனிதரோ மேல்நோக்கி ஓடும்போது வேகம் இழக்கின்றனர். மார்ச் மாதத்தில் அக்கிழக்குச் சரிவின் ஆளுயரப் புல் எவ்வாறு இருக்கும் என்பது குரங்கணியில் மாடு மேய்ப்பவர்க்குத் தெரியும். தொலைவிலிருந்து வருபவர்க்கு அது படத்திற்கேற்ற பொன்னிறப் புல்வெளி.

இறந்தோரைக் குறைகூறுவது நம் நோக்கமன்று. துணிவும் ஆர்வமும் இளமைக்கு உரியவை. அவை இன்றேல் மலைகளை அறிந்தவர் எவரும் இரார். எனினும் ஒரு கேள்வியை விலக்க இயலாது: மலையை அறிந்தவர் சொல் கேளாமல் மலையேறும் வழக்கம் நமக்கு எப்போது வந்தது?

தமிழர் மரபில் அவ்வழக்கம் இருந்ததில்லை என்பதற்குப் பத்துப்பாட்டே சான்று. இரணிய முட்டத்துப் பெருங்குன்றூர்ப் பெருங்கௌசிகனார் இயற்றிய 583 அடிகள் கொண்ட மலைபடுகடாம், பரிசில் பெற்றுத் திரும்பும் கூத்தன் மற்றொரு கூத்தனுக்கு வழிகாட்டுவதாக அமைந்தது. நன்னனைக் காணச் செல்வோர் தம் சுற்றத்தோடு, பெண்டிரோடு, இசைக்கருவிகளைச் சுமந்து செல்கின்றனர். நம் காலத்துக் குடும்பச் சுற்றுலாவுக்குப் பழம்பெரும் உறவுமுறை என்றே அதனைக் கொள்ளலாம். அக்கூத்தன் மலையின் அழகைச் சொல்கிறான்; இடரையும் சொல்கிறான். பன்றிக்குப் பொறி வைத்த வழியில் இருளில் செல்லாது விடிந்தபின் செல்லுமாறு கூறுகிறான். பாம்புகள் ஒடுங்கிய குழிகளும் வழுக்குநிலங்களும் எங்குள்ளன எனக் குறிக்கிறான். தினைப்புனம் காப்போர் எறியும் கவண்கல்லுக்கு ஒதுங்கும் முறையை விளக்குகிறான். குறவரே திகைக்கும் குன்றில் வழி தவறினால் அலையாது பாறைமேல் தங்கி உம் இசைக்கருவிகளை இயக்குங்கள், ஒலிகேட்டு மலைவாழ்நர் வந்து வழிகாட்டுவர் என்கிறான். மலையைப் பிறந்த நாள்முதல் அறிந்த குறவரும் திகைக்கும் இடம் உண்டு என்று ஒப்புக்கொள்ளும் அவ்வறிவு எண்ணத்தக்கது. தொலைந்தவர் செய்யத்தக்கது நின்ற இடத்தில் நின்று ஓசை எழுப்புவதே என்று இன்றைய மலையேற்றப் பயிற்றுநரும் கூறுவர்.

குரங்கணித் தீக்குப் பின்னர் அரசு மலையேற்றத்தை நெறிப்படுத்தியது. 2024இல் தொடங்கிய தமிழ்நாடு மலையேற்றத் திட்டத்தில் மாநிலமெங்கும் 40 பாதைகள் வரையறுக்கப்பட்டன. அம்மலைகளைச் சேர்ந்த இளைஞர்கள், பழங்குடியினர் உட்பட, வழிகாட்டிகளாகப் பயிற்சி பெற்றனர். தீப்பற்றும் கோடைக்காலத்தில் பாதைகள் மூடப்படுகின்றன. கூத்தன் கூறிய ஆற்றுப்படை, அலுவலக ஆணையின் வடிவில் மீண்டும் வந்திருக்கிறது எனலாம்.

மலைகளைப் பூங்காவாக்கும் முயற்சிகளும் மறுபுறம் நடைபெறுகின்றன. இடுக்கி மாவட்டத்து வாகமண்ணில் 2023இல் 40 மீட்டர் நீளமுள்ள கண்ணாடிப் பாலம் ஒன்று திறக்கப்பட்டது. அதன்மேல் நின்று பள்ளத்தைக் காலடியில் காண மக்கள் திரள்கின்றனர். அதனை வெறுக்க வேண்டியதில்லை. முதியோரும் நடக்க இயலாதோரும் மலையின் ஆழத்தைக் காண அதுவும் ஒரு வழி. ஆனால் கண்ணாடிக்கு அப்பால் உள்ள மலைக்குக் கைப்பிடிக் கம்பி இல்லை.

ஆகவே போடிமெட்டுக்குக் குடும்பத்தோடு செல்வோர் சிலவற்றைக் கேட்டறிந்து செல்வது நன்று. மழைக்காலமாயின் மண்சரிவு உண்டா என முந்தலில் கேட்கலாம். பூப்பாறைக்கு அப்பால் யானைகள் சாலையைக் கடக்கும் பகுதிகள் எவை, எந்நேரத்தில் வண்டியோட்டக் கூடாது என்பதைத் தேநீர்க்கடைக்காரர் சொல்வார். மூடுபனியில் வண்டியை எவ்வளவு மெதுவாகச் செலுத்த வேண்டும் என்பதை ஜீப் ஓட்டுநர் சொல்வார். ஏறும்போது எந்தக் கியரோ, இறங்கும்போதும் அதே கியர் என்பது அவர்களது பாலபாடம். தொடர்ந்து பிரேக்கை மட்டும் அழுத்தி இறங்கினால் அது சூடேறிப் பிடிப்பை இழக்கும்.

அவர்கள் கடைப்பிடிக்கும் மற்றொரு முறையும் உண்டு. குறுகிய மலைச்சாலையில் இரு வண்டிகள் எதிர்ப்பட்டால் ஏறும் வண்டிக்கே முதல் வழி. ஏற்றத்தில் நின்ற வண்டியை மீண்டும் நகர்த்துவது கடினம் என்பதே காரணம். மாலை நேரத்தில் வளைவொன்றின் ஓரத்தில் ஜீப்பை ஒதுக்கி நிறுத்திவிட்டு, நாள்முழுதும் காயெடுத்து அலுத்த பெண்கள் காத்திருப்பார்கள். விடுதிக்கு ஏறும் சுற்றுலாக் கார்கள் ஒன்றன்பின் ஒன்றாக அவர்களைக் கடந்து செல்லும்.