முந்திரியைப் பார்க்கும் இயந்திரம்

கேரளத்தில் கொல்லம் என்று ஓர் ஊர் இருக்கிறது. முந்திரிப் பருப்புக்குப் பேர் போன ஊர். அங்கே முந்திரி ஆலைகளில் வேலை செய்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள். ஓடு உடைக்கிறார்கள். தோல் உரிக்கிறார்கள். பிறகு தரம் பிரிக்கிறார்கள்.

தரம் பிரிப்பது லேசான வேலை அல்ல. முழுப் பருப்பு தனி. உடைந்த பருப்பு தனி. வெள்ளைப் பருப்பு தனி. சூட்டில் நிறம் மாறிய பருப்பு தனி. அதன் பிறகு பருமனும் பார்க்க வேண்டும். '240' என்று ஒரு தரம் உண்டு. ஒரு பவுண்டு எடையில், அதாவது சுமார் 454 கிராமில், 220 முதல் 240 பருப்பு வரை இருக்கும். '320' என்றால் 300 முதல் 320 வரை. எண் கூடினால் பருப்பு சிறியது. விலையும் குறைவு. எண் பெரிதானால் பருப்பும் பெரிது என்று நினைத்து ஏமாறக் கூடாது!

இப்போது சில ஆலைகளில் தரம் பிரிக்க இயந்திரம் வந்திருக்கிறது. அதற்குக் கண் உண்டு. கேமராதான் அந்தக் கண்.

பருப்பு ஒரு சரிவில் வழுக்கிக் கீழே விழுகிறது. விழும்போதே கேமரா அதைப் படம் எடுக்கிறது. அந்தப் படம் கணினிக்குப் போகிறது. கணினிக்குத் தெரிந்தது எண் மட்டும்தான். அது படத்தைப் பொடிப் பொடிப் புள்ளிகளாகப் பிரிக்கிறது. ஒவ்வொரு புள்ளிக்கும் ஓர் எண் போடுகிறது. சுத்தக் கறுப்புக்கு 0. சுத்த வெள்ளைக்கு 255. நடுவில் உள்ள சாயல்களுக்கு நடு எண்கள். நிறம் பார்க்க வேண்டுமானால் சிவப்பு, பச்சை, நீலம் என்று ஒரு புள்ளிக்கு மூன்று எண்கள்.

வெள்ளைப் பருப்பில் எண்கள் பெரிதாக இருக்கும். பூச்சி அரித்த இடத்தில் எண் சட்டென்று இறங்கிவிடும். உடனே ஒரு குழாய் திறக்கும். 'புஸ்' என்று காற்று அடிக்கும். அந்தப் பருப்பு வேறு தொட்டியில் போய் விழும். கண் இமைப்பதற்குள் எல்லாம் முடிந்துவிடும்.

எந்த எண்ணுக்குக் கீழே போனால் சொத்தை? அந்த எல்லையை ஆள்தான் வைக்க வேண்டும். கறாராக வைத்தால் நல்ல பருப்பும் பறந்து போகும். தளர்த்தி வைத்தால் சொத்தை உள்ளே வந்துவிடும். கேமராக் கண்ணாடியில் தூசி படிந்தாலும் கணக்குத் தப்பும். சிக்கு வாடை அடிக்கும் பருப்பு பார்வைக்கு வெள்ளையாக இருந்தால், கேமரா அதை விட்டுவிடும். அதற்கு மூக்கு இல்லையே!

இயந்திரம் வந்தால் மேசையைச் சுற்றி உட்கார்ந்து பிரிப்பவர்கள் குறைவார்கள். பல வீடுகளில் அந்தக் கூலியில்தான் அடுப்பு எரிகிறது. பல வருடம் பருப்பைப் பார்த்துப் பழகிய பெண்ணுக்கு எது சொத்தை என்று நன்றாகவே தெரியும். இயந்திரத்தின் திரையில் உள்ள எண்ணைப் படிக்கவும் மாற்றவும் பழகிக்கொண்டால், எல்லை வைக்கும் வேலையை அவரே செய்யலாம்.

இயந்திரம் தள்ளிய தொட்டியையும் அப்படியே கொட்டிவிட முடியாது. அதையும் ஒருவர் கையால் கிளறிப் பார்க்க வேண்டும். அதற்குள் நல்ல பருப்பும் கிடக்கும்.